தற்காலிக மனநோயா, மனச்சிதைவா? முதல் வாரத்தில் எதைப் பார்ப்பது, எப்போது பெயர் வைப்பது

#1 தென்பொதிகை (பொது மருத்துவர்)

அவசரப் பிரிவுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அடிக்கடி வரும் வகையை ஒரு மாதிரிக் கேஸாக வைத்துக் கேட்கிறேன். எந்தத் தனி நபரின் கதையும் இல்லை.

23 வயதுப் பெண், ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. போன வாரம் வரை ஒழுங்காக வேலைக்குப் போயிருக்கிறார். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மூன்று இரவாகத் தூக்கமே இல்லை. கடையில் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறார், டிவி செய்தியில் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்கிறார். காலையில் அழுகை, மதியம் அம்மன் தனக்குள் இறங்கிவிட்டதாக ஆனந்தம், சாயங்காலம் சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிடுதல். வீட்டில் யாருக்கும் மனநோய் இருந்ததில்லை.

இந்த மாதிரி கேஸ்களில் ஓ.பி. சீட்டில் முதல் நாளே ‘மனச்சிதைவு’ (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதப்படுவதும் உண்டு, ‘பயந்திருக்கிறார், ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் உண்டு. இரண்டுமே தப்பு என்பது என் கருத்து. மனநலப் பிரிவில் இருப்பவர்கள் முதல் வாரத்தில் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

#2 ராப்பணி (மனநல மருத்துவர்)

முதல் நாளில் இது தற்காலிகம், இது மனச்சிதைவு என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. காதில் குரல், மருட்சி (ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை), கோர்வையில்லாத பேச்சு ஆகிய மூன்றும் இரண்டிலும் வரும். ‘என் மனசில் நினைப்பது ஊருக்கே கேட்கிறது’, ‘யாரோ என் கையை ஆட்டுகிறார்கள்’ என்பதை எல்லாம் ஜெர்மன் மனநல மருத்துவர் குர்ட் ஷ்னைடர் மனச்சிதைவின் முதல்தர அறிகுறிகளாகப் பட்டியலிட்டார். அவையும் இரண்டு வாரத்தில் முழுசாகத் தெளிகிறவர்களிடம் தென்படுகின்றன. ஆகவே அறிகுறிப் பட்டியலை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்த்தால் தோற்றுத்தான் போவோம்.

பிரிப்பது நான்கு விஷயம். எவ்வளவு வேகமாகத் தொடங்கியது, அறிகுறிகளின் படம் நிலையாக நிற்கிறதா அல்லது மணிக்கொரு தடவை மாறுகிறதா, எவ்வளவு நாள் நீடித்தது, பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பினாரா. இவற்றில் முதல் இரண்டைத்தான் முதல் வாரத்தில் பார்க்க முடியும். மீதி இரண்டுக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

வேகம்: நல்ல நிலையிலிருந்து முழு மனநோய் நிலைக்கு இரண்டு வாரத்துக்குள் போயிருந்தால் அது கடும் தொடக்கம். 48 மணி நேரத்துக்குள் என்றால் திடீர்த் தொடக்கம், அது நல்ல சகுனம். மனச்சிதைவு பெரும்பாலும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். படிப்பில் சரிவு, நண்பர்களை விட்டு ஒதுங்குதல், குளிக்காமல் இருத்தல் எல்லாம் முன்னால் வரும். குரல் கேட்பது அதற்குப் பிறகுதான்.

மாற்றம்: உங்கள் மாதிரிக் கேஸில் காலையில் அழுகை, மதியம் ஆனந்தம், மாலையில் விஷ பயம். இந்தப் பலவடிவத் தோற்றம் தற்காலிக மனநோயின் அடையாளம். மனச்சிதைவில் மருட்சி இறுகிப்போயிருக்கும். ‘பக்கத்து வீட்டுக்காரர் மின்காந்த அலை அனுப்புகிறார்’ என்றால் போன மாதமும் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான், இந்த மாதமும் அவர்தான்.

#3 தென்பொதிகை

கால அளவில்தான் குழப்பமே. ஒரு புத்தகம் ஒரு மாதம் என்கிறது, இன்னொன்று மூன்று மாதம் என்கிறது.

#4 ராப்பணி

இரண்டு வகைப்பாடு புழக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம் அது.

அமெரிக்க டிஎஸ்எம்-5 கணக்கில்: குறைந்தது 1 நாள், 1 மாதத்துக்குள் முழுக் குணம் என்றால் குறுகிய கால மனநோய். 1 மாதம் முதல் 6 மாதத்துக்குள் என்றால் மனச்சிதைவு போன்ற கோளாறு. 6 மாதத்துக்கு மேல் தொந்தரவு இருந்து, அதில் குறைந்தது ஒரு மாதம் அறிகுறிகள் முழுவீச்சில் இருந்தால்தான் மனச்சிதைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 கணக்கில்: முன்னறிகுறி இல்லாமல் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்து, மூன்று மாதத்துக்குள் அடங்கினால் கடும் தற்காலிக மனநோய். பெரும்பாலோருக்குச் சில நாளிலிருந்து ஒரு மாதம்தான். ஐசிடியில் மனச்சிதைவுக்கு 6 மாதம் தேவையில்லை, 1 மாதம் போதும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, பேச்சு சுருங்குவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது மாதிரியான குறைவு அறிகுறிகள் இருந்தால் அது ஐசிடி-11 சொல்லும் தற்காலிக மனநோய் இல்லை.

ஒரே நபருக்கு ஐந்தாவது வாரத்திலும் குரல் கேட்கிறது, ஆனால் படம் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால், இரண்டு புத்தகமும் இரண்டு பெயர் சொல்லும். இந்தியாவில் ஐசிடிதான் வழக்கம். சீட்டில் எந்த வகைப்பாட்டின்படி எழுதியது என்று குறித்துவிட்டால் அடுத்த மருத்துவர் தடுமாற மாட்டார்.

#5 வார்டு_எட்டு (மனநலச் செவிலியர்)

பெயர் வைக்கும் பேச்சுக்கு முன்னால் ஒன்று. திடீரென்று தொடங்கிய குழப்பம் எதுவானாலும், அது உடல்நோயால் வந்த மூளைக் குழப்பம் இல்லை என்று உறுதி செய்வதுதான் முதல் வேலை. வார்டில் நடக்கும் பெரிய தப்புகள் இங்கேதான் நடக்கின்றன. காய்ச்சலோடு வந்த மூளை அழற்சியை மனநோய் என்று படுக்க வைத்துவிடுவார்கள்.

கருவியே இல்லாமல் செய்யக்கூடிய சோதனை: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன்… மனநோய் மட்டும் இருப்பவர் நடுவில் நிறுத்தி ‘ஜன்னல் வழியா பாக்குறாங்க’ என்பார், உங்களை முறைப்பார், ஆனால் திரும்பக் கேட்டால் ஏழையும் சொல்லி முடிப்பார். உடல்நோயால் குழம்பியவர் சனி வரை வந்து அப்படியே நழுவிவிடுவார், என்ன கேட்டீர்கள் என்பதே மறந்திருக்கும், கண் சொருகும். அரை மணி கழித்துத் தெளிவாக இருப்பார், ராத்திரி பத்து மணிக்கு மறுபடி மோசமாவார். கவனம் அலைபாய்வதும், நேரம் இடம் தெரியாமல் போவதும், கண்ணுக்கு மட்டும் ஏதேதோ தெரிவதும் வந்தால் அவரை மனநலப் பிரிவுக்குத் தள்ளாதீர்கள், பொது மருத்துவப் பிரிவில் வைத்துப் பாருங்கள்.

கூடவே சூடு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், விரல்நுனிச் சர்க்கரை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி இந்த ஐந்தையும் விட்டுவிடுவதை ஏற்கவே முடியாது. அமைதியானதும் எடுத்தே ஆக வேண்டும்.

#6 மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்)

மருந்து, விஷம் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். கேட்டால்தான் சொல்வார்கள்:

ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் தினம் 40 மி.கி.க்கு மேல் போகும்போது மனநோய் அறிகுறி வரும் வாய்ப்பு கூடும். காசநோய்க்கான ஐசோனியசிட், சைக்ளோசெரின். மலேரியாவுக்கான மெஃப்ளோகுவின், குளோரோகுவின்.

குடி. நிறுத்தி 48 முதல் 96 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, பூச்சி ஊர்கிற மாதிரி தெரிவது. இவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும்.

ஊமத்தை. நம் ஊரில் இது இன்னும் இருக்கிறது. கண்மணி முழுசாக விரிந்திருக்கும், வாயும் தோலும் காய்ந்து வியர்வையே இருக்காது, உடம்பு கொதிக்கும், சிறுநீர் அடைக்கும், காற்றில் எதையோ பிடுங்குவார்கள். இவர்களுக்கு புரோமெதசின் ஊசியோ டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஊமத்தை செய்கிற அதே வேலையைச் செய்யும் மருந்துகள், நிலைமை முற்றிவிடும்.

#7 ராப்பணி

நல்ல சேர்க்கை. முதல் தடவை மனநோய் என்றால் குறைந்தபட்சம் பார்க்க வேண்டியவை: இரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, பி12, எச்.ஐ.வி., விடிஆர்எல் (மேகநோய்ச் சோதனை), பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை, சிறுநீரில் போதைப்பொருள், ஈசிஜி. வலிப்பு, கடும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், தலையில் அடி, நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை ஸ்கேன். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் முதுகுத்தண்டு நீர்.

ஒரு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும்: என்எம்டிஏ ஏற்பிக்கு (மூளை நரம்புச் செல்களில் உள்ள ஒரு புரதம்) எதிரான தன்னெதிர்ப்பு மூளை அழற்சி. 2007இல் ஜோசப் டால்மாவ் குழு விவரித்தது. இளம் பெண்களிடம் அதிகம், சிலருக்குச் சினைப்பைக் கட்டி காரணமாக இருக்கும். சளி காய்ச்சல் மாதிரி தொடங்கி, பிறகு அப்பட்டமான மனநோய், அதன் பிறகு வலிப்பு, உதட்டையும் வாயையும் சப்புக்கொட்டுகிற மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, பேச்சு நின்றுபோவது, இரத்த அழுத்தம் ஏறி இறங்குவது. மனநோய் மருந்து கொஞ்சம் கொடுத்தாலே உடம்பு விறைக்கும். முதல் வாரத்தில் நம் மாதிரிக் கேஸ் போலவேதான் இருக்கும். அதனால்தான் தினமும் சூடும் விறைப்பும் பார்க்கச் சொல்கிறோம்.

வலிப்பு நோயாளி என்றால் இன்னொன்று. வரிசையாக வலிப்பு வந்து, ஒன்றிரண்டு நாள் தெளிவாக இருந்து, பிறகு மனநோய் வெடிக்கும். இடையில் தெளிவாக இருந்த அந்த நாட்களால் குடும்பம் இரண்டையும் முடிச்சுப் போடாது, நாம்தான் கேட்க வேண்டும்.

#8 தென்பொதிகை

காய்ச்சல் என்று வந்ததால் கேட்கிறேன். காய்ச்சல் வந்து முழுசாகக் குணமாகி, சில வாரம் கழித்து மனநோய் வந்தால்? அதையும் உடல்நோய்க் கணக்கில் சேர்ப்பதா?

#9 ராப்பணி

இல்லை. அது சண்டிகரில் கவனிக்கப்பட்ட விஷயம். 1999இல் வெளியான ஆய்வில், தற்காலிக மனநோய் வந்தவர்களிடம் அதற்கு முந்தைய வாரங்களில் காய்ச்சல் வந்திருந்தது மற்ற மனநோயாளிகளைவிட அதிகமாக இருந்தது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. மனநோய் வந்த நேரத்தில் காய்ச்சல் இருக்கிறதா என்பதுதான் அவசரக் கேள்வி. முன்பு வந்துபோன காய்ச்சலைச் சீட்டில் குறிக்கலாம், பெயர் அதனால் மாறாது.

இந்தியாவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பெரியது. பிரான்சில் மாக்னான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ‘தெளிந்த வானில் இடி’ என்று இதை விவரித்தார், டென்மார்க்கில் விம்மர் 1916இல் எழுதினார். ஆனால் ஐரோப்பாவில் அரிதாகப் பார்க்கப்பட்டது இங்கே வார்டு நிறைய இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கடும் மனநோய் பற்றிப் பல மையங்களில் ஆய்வு நடத்தியது, வேலூர் அதில் ஒன்று. பெரும்பாலோர் ஓராண்டில் முழுசாகத் தேறியிருந்தார்கள். 1994இல் சஸ்ஸர், வாண்டர்லிங் என்ற ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் பத்து நாட்டுத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, திடீரென்று வந்து முழுசாகத் தெளியும் மனநோய் வளரும் நாட்டு மையங்களில் ஏறத்தாழ பத்து மடங்கு, பெண்களிடம் இரு மடங்கு என்று கண்டார்கள். நம் ஊர் மருத்துவர் இதை மறந்து எல்லாவற்றுக்கும் மனச்சிதைவு என்று எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

#10 வடலி (உளநலப் பணியாளர், யாழ்ப்பாணம்)

தொடங்கின திகதியைப் பிடிக்கிறதுதான் கஷ்டமான வேலை. ‘எப்ப தொடங்கினது?’ எண்டு கேட்டால் வீட்டுக்காரர் ‘போன கிழமை’ எண்டுதான் சொல்லுவினம். அவைக்கு நோய் எண்டால் அடிச்சு உடைச்ச நாள்தான். அதுக்கு முந்தின எட்டு மாசம் அறைக்குள்ளயே இருந்ததை ‘அவன் அமைதியான பிள்ளை’ எண்டு விட்டுடுவினம்.

திருவிழாவை வைச்சுக் கேளுங்கோ. தைப்பொங்கலுக்கு முற்றத்தில நிண்டவரோ? சித்திரை வருசத்துக்குச் சொந்தக்காரர் வீட்டை போனவரோ? நல்லூர்த் திருவிழாக்கு யாரோட போனவர்? தீபாவளிக்கு உடுப்பு வாங்க ஆசைப்பட்டவரோ? ஏ.எல். (உயர்தர) சோதனைக்கு எத்தினை பாடம் எழுதினவர்? எந்தத் திருவிழாவில ஆள் ஒதுங்கினாரோ, அங்கயிருந்துதான் எண்ண வேணும். சிநேகிதரையும் ஒருக்கால் கேளுங்கோ, தாய் தகப்பனுக்குத் தெரியாதது அவைக்குத் தெரியும். வாட்ஸப்பில கடைசியா எப்ப ஒழுங்காக் கதைச்சவர் எண்டு பார்த்துச் சொல்லுவினம்.

இப்படிக் கேட்டால், ‘போன கிழமை தொடங்கினது’ எண்டு வந்த கொஞ்சப் பேருக்கு உண்மையில ஒரு வருசம் முந்தியே தொடங்கியிருக்கும். அது தற்காலிக வருத்தம் இல்லை.

#11 வார்டு_எட்டு

சாமி ஆட்டம் பற்றியும் ஒரு வரி. கோவில் கொடையில் உடுக்கைச் சத்தத்தில் வந்து, பூசாரி விபூதி போட்டதும் இறங்கி, மறுநாள் வயலுக்குப் போய்விட்டால் அது நோய் இல்லை. சடங்குக்கு வெளியே, இரவு பகல் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால்தான் நம் வேலை. மாதிரிக் கேஸில் ‘அம்மன் இறங்கியிருக்கிறாள்’ என்பதைவிட மூன்று இரவு தூங்காததும் தட்டைத் தள்ளியதும்தான் முக்கியம்.

#12 களப்பணி_திருச்சி (மருத்துவ சமூகப் பணியாளர்)

இருமுனைக் கோளாறை யாரும் சொல்லவில்லையே?

#13 ராப்பணி

சொல்ல வேண்டியதுதான். தூக்கம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, கையிலிருந்த காசை எல்லாம் ஊருக்குக் கொடுத்தார், தனக்குப் பெரிய சக்தி என்கிறார் என்றால் அது மேனியா, இருமுனைக் கோளாற்றின் எழுச்சிக் கட்டம். இவர்களில் சிலருக்கு முதல் தடவை தற்காலிக மனநோய் என்றே எழுதப்படும். இரண்டாவது தடவை வரும்போதுதான் தெளியும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தற்காலிக மனநோய் என்ற பெயர் சில ஆண்டு கழித்தும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாறாமல் நிற்கிறது. மீதிப் பேருக்கு மனச்சிதைவாகவோ இருமுனைக் கோளாறாகவோ மாறுகிறது.

கஞ்சா பிடித்த பிறகு வந்ததை ‘கஞ்சாதானே’ என்று தள்ளிவிடவும் கூடாது. டென்மார்க் பதிவேட்டை வைத்து 2018இல் வந்த ஆய்வில், கஞ்சாவால் மனநோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருபது ஆண்டுக்குள் மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ வந்தது. தினமும் பிடித்தவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் கஞ்சா தெரியும், ஆகவே சோதனையில் தெரிந்தாலே அதுதான் காரணம் என்று ஆகாது. நிறுத்தி ஒரு மாதமாகியும் அறிகுறி நிற்கிறதா என்று பாருங்கள்.

#14 தென்பொதிகை

சரி, மாதிரிக் கேஸுக்கு மருந்து. முதல் இரவு என்ன, அதன் பிறகு என்ன?

#15 மருந்துச்சீட்டு

அளவை முடிவு செய்வது மருத்துவர். வழக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

மாத்திரை வாங்கிக்கொள்கிறார் என்றால் ரிஸ்பெரிடோன் இரவு 1 அல்லது 2 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 4 வரை. அல்லது ஒலான்சபின் 5 முதல் 10 மி.கி. தூக்கத்துக்கும் பயத்துக்கும் லோரசெபாம் 1 முதல் 2 மி.கி., சில நாள் மட்டும். முதல் தடவை நோயாளிக்குக் குறைந்த அளவே வேலை செய்யும். ஒரே நாளில் மூன்று மருந்தை ஏற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது.

ஊசி தேவைப்படும் அளவுக்குக் கொந்தளிப்பு என்றால் ஹாலோபெரிடால் 5 மி.கி.யோடு புரோமெதசின் 25 முதல் 50 மி.கி., தசையில். 2004இல் வேலூரில் 200 பேரிடம் நடந்த சோதனையில் ஹாலோபெரிடால்-புரோமெதசின் சேர்க்கையும் லோரசெபாமும் இரண்டுமே அடக்கின, சேர்க்கை இன்னும் சீக்கிரம் தூங்க வைத்தது. ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டால் இளைஞர்களுக்குத் தசைப்பிடிப்பு வரும். கழுத்து ஒரு பக்கம் திருகும், நாக்கு வெளியே தள்ளும், கண் மேலே செருகி நிற்கும். பார்க்கிறவர்கள் பேய் என்பார்கள், வலிப்பு என்பார்கள். நினைவு முழுசாக இருக்கும், வலிக்கிறது என்று சைகை காட்டுவார். புரோமெதசின் ஊசி போட்டால் அரை மணிக்குள் இறங்கும். இது வரலாம், வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தக் குடும்பம் இனி மாத்திரையே தொடாது.

#16 வார்டு_எட்டு

இதைவிட ஏமாற்றுவது கால் அமைதியின்மை. மூன்றாம் நாள், நான்காம் நாள் உட்காரவே முடியாமல் வராந்தாவில் நடப்பார், நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பார், ‘உள்ளே என்னமோ பண்ணுது’ என்பார். நோய் கூடிவிட்டது என்று மருந்தை ஏற்றினால் இன்னும் மோசமாகும். கேட்க வேண்டியது: ‘மனசு பதறுதா, கால் பதறுதா?’ கால் என்றால் மருந்தளவைக் குறைக்க வேண்டும். ஆஸ்துமா இல்லாதவருக்கு புரோப்ரனோலால் 10 அல்லது 20 மி.கி. உதவும். இந்தத் தவிப்பில் தற்கொலை எண்ணம் வரும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

காய்ச்சல், உடம்பு கம்பி மாதிரி விறைப்பு, வியர்வை, குழப்பம் சேர்ந்து வந்தால் மருந்தை உடனே நிறுத்தி அவசரப் பிரிவு. சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்க்க வேண்டும்.

#17 தென்பொதிகை

மூன்றாம் வாரம் குரல் நின்றுவிட்டது, ஆனால் முகத்தில் உணர்ச்சி இல்லை, பேச்சு குறைவு, நாள் முழுக்கப் படுக்கை. இது குறைவு அறிகுறி என்று எடுத்து மனச்சிதைவு எழுதலாமா?

#18 ராப்பணி

எழுதாதீர்கள். அந்த இடத்தில்தான் பலருக்குத் தப்பான பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்த மந்தத்துக்கு நான்கு காரணம் இருக்கலாம்: மருந்தால் வந்த விறைப்பு, மருந்தால் வந்த தூக்கம், தெளிந்த பிறகு வரும் மனச்சோர்வு, உண்மையான குறைவு அறிகுறி. நடக்கச் சொல்லிப் பாருங்கள். கை வீசவில்லை, மணிக்கட்டை ஆட்டினால் பல்சக்கரம் மாதிரி தடுக்குகிறது, எச்சில் வடிகிறது என்றால் மருந்து. சாயங்காலம் முகம் தெளிகிறது, காலையில் மட்டும் மந்தம் என்றால் இரவு மருந்தின் மிச்சம். அழுகிறார், ‘எல்லோர் முன்னாலயும் இப்படி நடந்துகிட்டேனே’ என்று கூனிக்குறுகுகிறார் என்றால் சோர்வு, தற்கொலை எண்ணத்தை நேராகக் கேளுங்கள். இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மாதக்கணக்கில் நின்றால்தான் மனச்சிதைவு என்ற பேச்சு.

#19 களப்பணி_திருச்சி

பிரசவத்துக்குப் பிறகு வருவது பற்றித் தனியாக எழுதுங்கள். கிராமத்தில் ‘ஜன்னி’ என்று விட்டுவிடுகிறார்கள்.

#20 வார்டு_எட்டு

ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தூக்கம் போகும், மணிக்கொரு தடவை மாறும், குழந்தை தன்னுடையது இல்லை, குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்பார். இது அவசரம், மறுநாள் ஓ.பி.க்கு வரச் சொல்லும் விஷயம் இல்லை. தாயையும் குழந்தையையும் தனியாக விடவே கூடாது. அதற்காகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால் போதும். காய்ச்சல் இருந்தால் கர்ப்பப்பைத் தொற்று, கடும் தலைவலியோ வலிப்போ இருந்தால் மூளைச் சிரை அடைப்பு, இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் பிரசவ வலிப்பு நோய், மூன்றையும் பார்க்க வேண்டும். இரவுப் பாலூட்டலை வேறொருவர் ஏற்று, தாய் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்குவது பெரிய உதவி. பெங்களூரு நிமான்ஸில் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் பிரிவு 2009இலிருந்து இருக்கிறது.

ராப்பணி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: இதில் பெரும் பகுதி இருமுனைக் கோளாற்றின் உறவு. அடுத்த பிரசவத்திலும் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், ஆகவே அடுத்த கர்ப்பத்தின் போதே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் (இருமுனைக் கோளாற்றுக்கான மருந்து) எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.

#21 மருந்துச்சீட்டு

மாத்திரை எவ்வளவு நாள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம். இருபது நாளில் தெளிந்தவருக்கு ஒரு வருட மாத்திரை எழுதிய சீட்டும் வருகிறது, இரண்டு வருடம் எழுதியதும் வருகிறது. எடை ஏறுகிறது, ரிஸ்பெரிடோனில் மாதவிலக்கு நிற்கிறது, கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு மார்பில் பால் சுரக்கிறது. மூன்று மாதத்தில் நிறுத்தினால் என்ன?

#22 ராப்பணி

மூன்று மாதம் குறைவு என்பது என் நிலைப்பாடு. முதல் தடவை வந்து நன்றாகத் தெளிந்தவருக்குக் குறைந்தது ஏழு முதல் பன்னிரண்டு மாதம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திடீர்த் தொடக்கம், முழுக் குணம், தெளிவான அதிர்ச்சி ஒன்று முன்னால் இருந்தது என்றால் அந்த வரம்பின் கீழ்ப் பக்கம் நிற்கலாம். மனச்சிதைவு உறுதியானவருக்குக் கணக்கு வேறு: முதல் தடவைக்கே ஒன்றிரண்டு ஆண்டு, திரும்பத் திரும்ப வந்தால் பல ஆண்டு. இரண்டு மருந்தை, ஒவ்வொன்றையும் போதிய அளவில் ஆறு வாரமாவது கொடுத்தும் அடங்காத மனச்சிதைவுக்கு குளோசபின், முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளணுச் சோதனையோடு.

பக்கவிளைவு பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்கு வழி அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும். மாதவிலக்கு நின்றால் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பாருங்கள், அரிபிபிரசோலுக்கு மாற்றலாம். எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு நான்கையும் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் எடுக்காமல் ஒலான்சபின் எழுதக் கூடாது.

நிறுத்தும்போது ஒரே நாளில் அல்ல. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு குறைத்து, கடைசிப் பங்கை இன்னும் மெதுவாக. பரீட்சை, கல்யாணம், பிரசவம் நெருங்கும் மாதத்தில் குறைப்பைத் தொடங்க வேண்டாம்.

#23 மருந்துச்சீட்டு

குறைப்புக் கணக்கு ஏற்கிறேன். ஏழு மாதத்தைத் தாண்டும் ஒவ்வொரு சீட்டிலும் ஏன் தொடர்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. காரணமே இல்லாமல் புதுப்பிக்கப்படும் சீட்டுகள்தான் மருந்துக்கடையில் அதிகம்.

#24 களப்பணி_திருச்சி

சட்டப் பக்கம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 94ஆம் பிரிவுப்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருந்தால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். நோயாளியின் சார்பில் நியமிக்கப்பட்ட பிரதிநிதி அங்கே இருந்தால் அவர் சம்மதத்தோடு. அவசர சிகிச்சை என்ற பெயரில் மின்னதிர்வு சிகிச்சை தரக் கூடாது. நோயாளியே முடிவெடுக்க முடியாத நிலையில் சேர்க்க 89ஆம் பிரிவு, 30 நாள் வரை. சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் செத்தது சங்கிலியை அவிழ்க்க முடியாமல்தான். இன்றும் வீட்டில் கட்டிலில் கட்டி வைத்துவிட்டு ஆம்புலன்ஸ் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 108ஐக் கூப்பிடலாம். என்ன செய்வதென்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம்.

குடும்பத்திடம் என்ன சொல்வது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ‘சரியாயிடும், ஒண்ணுமில்ல’ என்றால் பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ‘வாழ்க்கை முழுக்க மாத்திரை’ என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள். சொல்ல வேண்டியது: ‘இப்போது வந்திருப்பது மனநோய் நிலை. என்ன வகை என்று மூன்று மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்படித் திடீரென்று வந்தவர்களில் நிறையப் பேர் முழுசாகத் தேறுகிறார்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.’ கோவிலுக்குக் கூட்டிப்போக விரும்பினால் போகட்டும், மாத்திரையோடு போகட்டும். மனச்சிதைவு என்றே முடிவானாலும் கை கழுவும் பேச்சு வேண்டாம். சென்னையில் 1981-82இல் தொடங்கி 90 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், பத்தாம் ஆண்டில் பெரும்பாலோருக்கு நோயின் போக்கு நன்றாகவே இருந்தது.

#25 தென்பொதிகை

கடைசியாக ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதுவது?

#26 ராப்பணி

மாதிரிக் கேஸுக்கு இப்படி எழுதலாம்:

‘கடும் தற்காலிக மனநோய், முதல் தடவை, ஐசிடி-11இன்படி தற்காலிகக் கணிப்பு. நல்ல நிலையில் கடைசியாகப் பார்த்த தேதி: இன்னது. முதல் அறிகுறி: இன்ன தேதி. உச்சம்: இன்ன தேதி. குரலும் மருட்சியும் முழுசாக நின்ற தேதி: இன்னது. கவனமும் நேர இட உணர்வும் சரியாக இருந்தன. காய்ச்சல், வலிப்பு, போதைப்பொருள் இல்லை. செய்த சோதனைகள்: இவை. தற்போது ரிஸ்பெரிடோன் 2 மி.கி. இரவு. பக்கவிளைவு: இன்னது.’

வரச் சொல்ல வேண்டிய நாட்கள்: ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், அதன் பிறகு மாதம் ஒரு முறை. மூன்றாம் மாதச் சந்திப்பை நீளமாக வையுங்கள். பெயரை உறுதி செய்வதும் மாற்றுவதும் அன்றைக்குத்தான். அன்று கேட்க வேண்டியது குரல் கேட்கிறதா என்பது மட்டுமல்ல. பில் போடும் வேலைக்குத் திரும்பினாரா, கணக்கு பழைய வேகத்தில் வருகிறதா, தோழிகளோடு பேசுகிறாரா, முன்பு பிடித்த சாப்பாடு இப்போதும் பிடிக்கிறதா, வீட்டில் யாராவது ‘இன்னும் பழைய மாதிரி இல்லை’ என்கிறார்களா. அப்படிச் சொன்னால் எதில் என்று தோண்டிக் கேளுங்கள்.

திரும்ப வரும் அடையாளத்தையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் கெட்டால், காரணமில்லாமல் சந்தேகப்பட்டால், தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும்.

#27 வடலி

இஞ்சை கிளினிக் கொப்பியில நோயின் பெயருக்கு ஒரு வரிதான் இடம் இருக்கும். நீங்கள் சொன்ன திகதியளை ஒரு துண்டில எழுதி கொப்பியின் முதல் பக்கத்தில ஒட்டிவிடலாம். இலங்கையில இருக்கிற ஆக்களுக்கு: தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926, இரவிலயும் எடுக்கலாம்.